தில்லையம்பலத்திற்குக் காந்தச் சான்றிதழ் எதற்கு?

சமயம் மாந்தனது நெஞ்சின் ஏக்கத்தில் பிறந்தது. அறிவியல் அவனது அறிவின் ஐயத்தில் பிறந்தது. ஏக்கமும் ஐயமும் ஓருயிரின் இரு கூறுகள். ஆகலின் அவை இரண்டும் ஒரு குமுகாயத்தில் ஒருங்கே வாழ்வதில் வியப்பொன்றும் இல்லை. ஒன்றன் உடையை மற்றொன்று களவாடி உடுத்துக்கொண்டு ஊரை ஏய்க்கப் புகும்போதுதான் கேடு தொடங்குகின்றது. அத்தகைய ஏய்ப்பு ஒன்று இன்று கைப்பேசிதோறும் பரவிக் கற்றோர் நாவிலும் கல்லாதார் நாவிலும் ஒருங்கே உலவி வருகின்றது.

தில்லையில் ஆடும் கூத்தப்பெருமானின் கால் பெருவிரல் உலகக் காந்த நடுக்கோட்டின் மையப்புள்ளியில் ஊன்றி நிற்கின்றதாம்! மேலைநாட்டு அறிவியலார் பல்லாண்டு ஆய்ந்து இதனைக் கண்டறிந்தனராம்! தில்லை, காஞ்சி, திருக்காளத்தி ஆகிய மூன்று திருக்கோயில்களும் நூல் பிடித்தாற்போல் ஒரே நெடுங்கோட்டில் நிற்பதால் பழந்தமிழர் வானிலிருந்து நிலத்தை அளந்தனராம்! பொன்னம்பலக் கூரையின் 21,600 பொன்னோடுகள் மாந்தன் ஒரு நாளில் விடும் மூச்சின் எண்ணிக்கையாம்! இவற்றைப் படித்தவுடன் தமிழன் நெஞ்சு விம்முகின்றது. விம்மிய நெஞ்சோடு பத்துப் பேர்க்கு விடுத்து வைக்கின்றான். உண்மையா என்று வினவுவார் இலர். வினவுவாரைத் தமிழ்ப் பகைவர் என்றும், இறை மறுப்பாளர் என்றும் ஏசுவாரே உளர்.

சேத்தியாத்தோப்பு நாற்சந்தியில் நின்று சுற்றிலும் நோக்குக. தென்கிழக்கே தில்லை. தெற்கே வீராணம். வடக்கே வடலூரும் நெய்வேலியும். இவை அனைத்தும் ஒரு மணிநேரப் பேருந்துச் செலவுக்குள் அடங்குவன. அறிவியலும் சமயமும் எவ்வாறு உறவாடல் வேண்டும் என்னும் வழக்கிற்கு வேண்டிய சான்றுகளெல்லாம் பெரும்பாலும் இவ்வொரு வட்டாரத்திலேயே கிடைக்கின்றன.

மெய்யான காந்தக்கோடு எங்குள்ளது?

முதற்கண் காந்தக் கூற்றை எடுத்துக்கொள்வோர், காந்த நடுக்கோடு என்பது யாது என்று அறிதல் வேண்டும். நடுவே கோத்துத் தடையின்றித் தொங்கவிடப்பட்ட காந்த ஊசி, வடக்கே போகப் போக வடமுனை தாழ்ந்தும், தெற்கே போகப் போகத் தென்முனை தாழ்ந்தும் நிற்கும். இரண்டு பக்கமும் தாழாமல் கிடைமட்டமாக நிற்கும் இடங்களை இணைத்து வரைந்தால் வருவதே காந்த நடுக்கோடு. அது புவியைச் சுற்றி வளைந்து செல்லும் ஒரு கோடு. வளையலுக்கு நடுப்புள்ளி வளையலின் மேல் இருக்குமா? ஆதலின் 'காந்த நடுக்கோட்டின் மையப்புள்ளி' என்னும் தொடரே பொருளற்றது. அக்கோடும் என்றும் ஓரிடத்தில் நிற்பதன்று; புவியின் உள்ளகத்தே உருகிய இரும்பின் ஓட்டம் மாறமாற, ஆண்டுதோறும் சிறிது சிறிதாக இடம் பெயர்வது. ஆயிரம் ஆண்டுக்கு முன் நட்ட கல் அதன்மேல் என்றும் நிற்றல் இயலாது.

இந்தியாவில் அக்கோடு கடப்பது தென்கோடியில். தில்லையோ அதற்குப் பன்னூறு கிலோமீட்டர் வடக்கே உள்ளது. அங்கே தொங்கவிடும் ஊசி வடக்கு நோக்கிச் சற்றே தாழ்ந்துதான் நிற்கும். ஐயமுடையார் ஓர் ஊசியைக் கொண்டு சென்று பார்க்கலாம். அதற்கு மேலைநாட்டறிஞர் யாரும் வரவேண்டுவதில்லை.

மெய்யான காந்த நடுக்கோட்டிற்கு அண்மையில் உள்ள ஊர் ஒன்றுண்டு. அது திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவர் சிற்றூர். அக்கோட்டிற்கு மேலே, நிலத்திலிருந்து 100 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரத்தில், பகற்போதில் வலிய மின்னோட்டம் ஒன்று பாய்கின்றது. அதனை ஆய்வதற்கென்றே விக்கிரம் சாராபாய் தும்பாவைத் தேர்ந்தார். ஆனால் அங்கே தூய மேரி மகதலேனா தேவாலயமும், ஆயரின் இல்லமும், மீனவர் குடில்களும் இருந்தன. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரெய்ரா இவ்வேண்டுகையை இறைமக்கள் முன் வைத்தார், அவர்கள் இசைந்தனர், இடம் கைமாறியது. தேவாலயமே முதற் பணிமனை ஆயிற்று. 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ஏவூர்தி விண்ணில் பாய்ந்தது அவ்விடத்திலிருந்துதான். அத்தேவாலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக நிற்கின்றது.

இங்கே ஓர்ந்து பார்க்கத்தக்கது ஒன்றுண்டு. அம்மீனவர், தங்கள் தேவாலயம் காந்தக்கோட்டில் நிற்பதால் தங்கள் இறைவனே மெய்யிறைவன் என்று துண்டறிக்கை அச்சிடவில்லை. மாந்தர் அறிவு வளர்தற்கு இடம் கேட்டபோது இடம் ஈந்தனர். பொய்யான காந்தக்கோட்டைக் கொண்டு பெருமை தேடுவோர்க்கும், மெய்யான காந்தக்கோட்டில் இருந்தும் பெருமை பேசாது கொடுத்தோர்க்கும் உள்ள வேறுபாட்டில் சமயத்தின் இலக்கணம் முழுதும் அடங்கியிருக்கின்றது.

எஞ்சிய இரண்டு கூற்றுகள் முழுப்பொய் அல்ல, அரைமெய்கள். தில்லையும் காஞ்சித் திருவேகம்பமும் திருக்காளத்தியும் 79.7 பாகை நெடுங்கோட்டிற்கு மிக அணித்தே உள்ளமை மெய். ஆனால் ஐம்பூதத் தலங்களில் எஞ்சிய அண்ணாமலை ஏறத்தாழ 70 கிலோமீட்டரும், ஆனைக்கா ஏறத்தாழ 100 கிலோமீட்டரும் மேற்கே விலகி நிற்கின்றன. பொருந்திய மூன்றைக் காட்டிப் பொருந்தாத இரண்டை மறைப்பது அறிவியல் ஆகாது. முன்னோர் இதனை எண்ணியே செய்தனர் என்பார், கல்வெட்டிலோ நூலிலோ அதற்கொரு சான்று காட்டுதல் வேண்டும்.

21,600 என்பதோ, நிமையத்திற்குப் பதினைந்து மூச்சு என வைத்துப் பெருக்கிய கணக்கு. பிறந்த குழவியின் மூச்சு அதனினும் இருமடங்கு மும்மடங்கு. வளர்ந்தார் மூச்சும் ஆளுக்கு ஆள், வேலைக்கு வேலை மாறுவது. அவ்வெண் ஓகநூலார் கண்ட அடையாள எண். மருத்துவர் அளந்த எண் அன்று. அம்பலத்தை உடம்பின் உருவகமாகக் கண்டு, கூரையை மூச்சின் எண்ணாலே வேய்ந்தனர் என்று கொள்வது எத்துணை அழகிய கற்பனை! அந்த அழகை அழகாகவே துய்க்காமல் ஆய்வுக்கூட முடிவாக்கி விற்கத் துணிவது, மலரைக் கசக்கி எடை போட்டு விற்பதற்கு ஒப்பாகும்.

கூத்தும் துகளும்

செனீவாவில் உள்ள செர்ன் என்னும் அணுத்துகள் ஆய்வு நிலையத்தில் கூத்தப்பெருமான் சிலை நிற்கின்றதே என்று வினவுவார் உண்டு. நிற்பது மெய்தான். இரண்டு மீட்டர் உயரமுள்ள அச்சிலையை இந்திய அரசு நன்கொடையாக அளித்தது. 2004 சூன் 18 அன்று அது திறந்து வைக்கப்பட்டது. ஈழத்துத் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசாமி அக்கூத்தின் பொருளை விளக்கி எழுதிய கட்டுரை 1918இல் நூலில் ஏறியது. 1975இல் இயற்பியலார் பிரிட்சோப் காப்ரா அக்கூத்தை அணுத்துகள்களின் ஓயா இயக்கத்திற்கு உவமை கூறினார். சோழநாட்டு வார்ப்புக் கலைஞனின் கற்பனை உலகின் தலைசிறந்த ஆய்வுக்கூடத்து முற்றத்தில் நிற்பது தமிழர்க்குப் பெருமையே.

ஆனால் உவமை உவமையே, பொருள் பொருளே. தமிழ் இலக்கணம் கற்றார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. முகத்தை மதி என்று பாடினால், மதியில் கண்ணும் மூக்கும் தேடுவார் உண்டோ? அச்சிலை அந்நிலையத்தின் முற்றத்தில் நிற்கின்றது. ஆய்வோ, நிலத்தின் அடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் நடைபெறுகின்றது. 2012 சூலை 4 அன்று அவர்கள் அறிவித்த இக்சுத் துகள், முன்மைத்துகள்களைக் கோடிக்கணக்கில் மோதவிட்டு, ஆயிரக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் எண்ணி, பிழை பார்த்து, மீண்டும் எண்ணிக் கண்டது. 'தில்லையிலேயே இதனை அறிந்திருந்தோம்' என்று ஒருவன் இருந்த இடத்தில் இருந்தே உரிமை கொண்டாடுவானாயின், அவன் அவ்வறிஞர் உழைப்பையும் இழிவுபடுத்துகின்றான். தன் முன்னோர் கலையையும் இழிவுபடுத்துகின்றான்.

இவ்விழிவின் வேர் யாது? அடிமை மனம்! கோயிலின் பெருமைக்குக் கோயிலும், தேவாரமும், அங்கே நூற்றெட்டுக் கரணங்களைக் கல்லில் வடித்த உளியும் போதா. வெள்ளைக்காரன் ஒருவன் வந்து 'ஆம்' என்று முத்திரை குத்தல் வேண்டும் என்னும் எண்ணமே அது. ஆங்கிலேயன் போய் எழுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் அவன் கைநாட்டுக்கு ஏங்கும் பத்தியைப் பத்தி என்பதா, பணிதல் என்பதா?

கீழடிக்கு ஒரு கோல், தில்லைக்கு ஒரு கோலா?

இதுகாறும் கூறியது பிறர்க்கு. இனிக் கூறுவது தமிழன்பர்க்கே. 'எம் சித்தர் அணுவை முன்பே பிளந்தனர்', 'எம் முன்னோர் அறியாதது எதுவும் இல்லை' என்று மேடைதோறும் முழங்குவாரிடையே தமிழ்ப்பற்றாளரும் மிகப்பலர். வடமொழியாளர் தம் வேதத்தில் வானூர்தி உண்டென்றால் நகைக்கின்றவர், தமிழ்ப் பாட்டில் அணுவுலை உண்டென்றால் கைதட்டுகின்றனர். இது நேர்மையாகுமா?

கீழடியை எண்ணிப் பார்க்க. 2019இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை, கரிமக் கணிப்பின்படி அங்குக் கிடைத்த பொருளொன்று கி.மு. ஆறாம் நூற்றாண்டினது என்று காட்டிற்று. கரிமக் கணிப்பு என்பது பற்றின் குரல் அன்று. இறந்த உயிர்ப்பொருளில் எஞ்சியிருக்கும் கதிர்வீச்சுக் கரிமத்தை அளந்து காலம் காணும் முறை. கீழடியில் முதற்கண் அகழ்ந்த அமர்நாத் இராமகிருட்டிணன் 2023 சனவரியில் அளித்த 982 பக்க அறிக்கையை, 2025 மே திங்களில் நடுவண் தொல்லியல் துறை திருத்தித் தருமாறு திருப்பியபோது, தமிழகமே கொதித்தது. 'அளந்து கண்டதை ஆட்சியின் விருப்பத்திற்காகத் திருத்துவதா?' என்று தமிழர் கேட்டனர். நேர்மையான கேள்வி!

அக்கேள்வியைக் கேட்கும் உரிமை யாருக்கு உண்டு? அளவைக்குத் தானும் கட்டுப்படுவோனுக்கே உண்டு. கீழடியில் அளவுகோலைக் காட்டி வழக்காடிவிட்டு, தில்லையில் அளவுகோலை வீசி எறிவானாயின், எதிரி என்ன சொல்வான்? 'உன் காந்தக்கதை போன்றதே உன் கீழடிக்கதையும்' என்பான். ஒரு பொய்ப்பெருமை நூறு மெய்ப்பெருமைகளுக்குக் குழி பறிக்கும். தமிழின் தொன்மைக்குப் பகைவர் செய்யும் கேட்டினும், அளந்து பாராமல் புகழும் அன்பர் செய்யும் கேடு பெரிது.

முன்னோர் அறிவியலைக் காட்ட வேண்டுமா? சேத்தியாத்தோப்பினர் வீட்டு வாயிலிலேயே வீராணம் கிடக்கின்றதே! பத்தாம் நூற்றாண்டில் முதற் பராந்தகன் காலத்தில் அவன் மகன் இராசாதித்தன் தன் படைமறவரைக் கொண்டு வெட்டுவித்தான் என்று வரலாற்றார் கூறும் ஏரி. ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளம். கொள்ளிடத்து நீரை வடவாற்றின் வழி வாங்கி, ஏறத்தாழ 45,000 ஏக்கருக்குப் பாய்ச்சும் ஏரி. 2004 முதல் இந்நீர் சேத்தியாத்தோப்பிலிருந்து குழாய்வழி ஏற்றப்பட்டு, இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள சென்னையின் விடாய் தணிக்கின்றது. 'வீரநாராயணன்' என்னும் பராந்தகன் பட்டப்பெயரே ஏரிக்கும் பெயராயிற்று. காட்டுமன்னார்கோயிலில் அப்பெயரிலேயே திருமால் கோயிலும் உண்டு. நாலாயிரத்தைத் தொகுத்த நாதமுனிகள் பிறந்த ஊரும் அதுவே. ஏரிக்குப் பெயர் தந்தது பத்தியாக இருக்கலாம். கரையை ஆயிரம் ஆண்டு நிறுத்தியது அளவு. நிலத்தின் சாய்வு, மண்ணின் வன்மை, வெள்ளத்தின் வரவு, மதகின் வாய் ஆகியவற்றை அளந்தறியாதவன் மந்திரம் சொல்லிக் கட்டிய கரை முதல் மழைக்கே கரைந்திருக்கும். வெட்டியவர் கும்பிட்டும் இருப்பர், அளந்தும் இருப்பர். கும்பிடும் வேளையில் அளக்கவும் இல்லை. அளக்கும் வேளையில் கும்பிட்டுக் கண்ணை மூடவும் இல்லை. அறிவியலுக்கும் சமயத்திற்கும் உரிய இடம் அவரவர்க்குத் தெரிந்திருந்தது.

அந்த ஏரியோ வண்டல் படிந்து, வெட்டிய நாளின் ஆழத்தை இழந்து கிடக்கின்றது. தில்லைக் காந்தத்தைப் பற்றிப் பத்துச் செய்தி விடுப்பவன், வீராணத்து வண்டலைப் பற்றி ஒரு விண்ணப்பமேனும் விடுத்தானா?

வடலூரும் வளையமாதேவியும்

அளவு ஒன்றே போதுமா எனின், போதாது. அதற்கும் சான்று இவ்வட்டாரத்திலேயே உண்டு.

1823 அக்தோபர் 5 அன்று மருதூரில் பிறந்த இராமலிங்க வள்ளலார், வடலூரில் 1867 மே 23 அன்று அறச்சாலை தொடங்கி அடுப்பு மூட்டினார். அதற்கென்று பார்வதிபுரத்து மக்கள் எண்பது காணி நிலம் ஈந்தனர். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகின்றது. அடுப்பு மூண்ட பத்தாண்டுக்குள் தாது ஆண்டுப் பெரும்பஞ்சம் வந்து, சென்னை மாகாணத்தில் இலக்கக்கணக்கானோரைப் பலி கொண்டது. 1872 சனவரி 25 அன்று அவர் திறந்த அறிவுச் சபையில் கல்லுருவமோ செம்புருவமோ வழிபாட்டுக்கு இல்லை. ஏழு திரைகளுக்கு அப்பால் ஓர் ஒளி உண்டு. சாதியையும் சமயப் பூசலையும் சடங்குக் குப்பையையும் அவர் புறத்தே தள்ளினார்.

அவர் உரைநடை நூலாகிய 'சீவகாருணிய ஒழுக்கம்' கற்றார்க்கு ஒன்று புலனாகும். பசித்தவனுடைய கண் என்னாகும், காது என்னாகும், நா என்னாகும், வயிறு என்னாகும் என்று, ஒவ்வோர் உறுப்பாக, மருத்துவன் குறிப்பெழுதுவது போல் அவர் நிரல்படக் கூறுகின்றார். பசியைப் பழவினை என்று தள்ளிவிடாமல், பசித்த உடம்பை உற்று நோக்கினார். உற்று நோக்குதல் அறிவியலின் முதற்படி. நோக்கியபின் அடுப்பு மூட்டினார். அது சமயத்தின் முடிந்த படி. இரண்டும் ஒரே நெஞ்சில் ஒன்றையொன்று ஏய்க்காமல் கூடிய இடம் வடலூர். அங்கே யாரும் அடுப்பின் வெப்பத்தைக் கொண்டு இறைவனுக்கு இயற்பியல் மெய்ப்பு எழுதவில்லை. பசித்தவர்க்குச் சோறு ஆக்கினர்.

பயிரின் வாட்டத்தையும் தம் வாட்டமாகக் கொண்ட அப்பெருமகன் மண்ணுக்கு அண்மையில் 2023இல் நிகழ்ந்தது யாது? 1956இல் தோன்றிய நெய்வேலி நிறுவனம் பழுப்பு நிலக்கரி எடுத்து மின்னாக்கித் தமிழகத்து வீடுகளில் விளக்கேற்றியது. அதன் நன்மையை மறுப்பார் நன்றி கொன்றவராவர். நிலத்தடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இறைத்திறைத்துக் கரிப்படுகையை வெட்டும் அந்நுட்பம் பெரிய நுட்பமே. ஆனால் 2023 சூலை 26 அன்று, சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், பரவனாற்றுக்கு மாற்றுக்கால் வெட்டுதற்காக, விளைந்து நின்ற நெற்பயிரின்மேல் மண்வெட்டிப் பொறிகள் இறக்கப்பட்டன. நிலம் முன்பே எடுக்கப்பட்டுவிட்டது, வெள்ளக்காலத்துக்கு முன் கால்வாய் முடிதல் வேண்டும் என்று நிறுவனம் கூறிற்று. சட்டம் அவர்கள் பக்கம் இருந்திருக்கலாம். அறுவடை வரையில் பொறுத்திருத்தல் ஆகாதா என்னும் கேள்விக்கு எந்தக் கணக்கிலும் விடையில்லை. வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 உருவா இழப்பீடு என்று ஆணை பிறந்தது. பணம் கொடுத்துத் தீர்வதா, கதிர் பிடித்த பயிரைப் பார்த்து நின்றவன் கண்ணீர்?

இதில் கொடுமை யாதெனின், வள்ளலாரின் இருநூறாம் பிறந்தநாள் விழா நாடெங்கும் நடைபெற்றுக்கொண்டிருந்த ஆண்டு அது! மேடையில் வள்ளலார், வயலில் பொறி! அங்கே அளவு இருந்தது. ஆழம், அகலம், நாள், செலவு எல்லாம் அளக்கப்பட்டிருந்தன. அருள் ஒன்றுதான் இல்லை. அருளற்ற அறிவியல் பயிரை நெரிக்கும். அளவற்ற சமயம் அறிவை நெரிக்கும். இரண்டிலும் நெரிபடுவோன் ஏழைத் தமிழனே.

இரண்டு பூட்டு

இவ்வேழைத் தமிழன் ஏன் இரண்டிலும் ஏமாறுகின்றான்? இரண்டு கதவிலும் அவனுக்குத் தெரியாத மொழியில் பூட்டு தொங்குகின்றது. கோயிலில் வடமொழிப் பூட்டு; ஆய்வுக்கூடத்தில் ஆங்கிலப் பூட்டு. தில்லைச் சிற்றம்பல மேடையில் நின்று தேவாரம் பாடுதற்கு, 2008இல் அரசாணையும் காவலர் துணையும் வேண்டியிருந்தன என்றால், சமயம் தமிழனுக்கு எத்துணைத் தொலைவில் நிற்கின்றது! தாய்மொழியில் இயற்பியல் கற்றிருந்தால், காந்த ஊசி எப்பக்கம் தாழும் என்று ஊர்ச்சிறுவனே சொல்லிப் பொய்யை ஊதித் தள்ளியிருப்பான். அறிவியல் அயன்மொழியில் நிற்பதனால்தான், அறிவியல் என்னும் பெயரிட்டு எதனைச் சொன்னாலும் அவன் அஞ்சி நம்புகின்றான். முன்பு புரியாத மந்திரத்திற்கு அஞ்சினான். இன்று புரியாத கலைச்சொல்லுக்கு அஞ்சுகின்றான். பூசகர் மாறினார், பணிவு மாறவில்லை.

தமிழில் இயலாது என்பார்க்கு யாழ்ப்பாணம் விடை கூறும். அமெரிக்கக் கிறித்தவத் திருப்பணியாளராக 1847இல் அங்கு வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். உடற்கூறும் அறுவையும் மகப்பேறும் வேதியலும் தமிழ் நூல்களாயின. 1873இல் அவர் நாடு திரும்புமுன் அறுபதுக்கும் மேற்பட்டோர் மருத்துவராயினர்; அவருள் பெரும்பாலோர் தமிழ் வழியிற் கற்றவர். அவர் ஆண்ட கலைச்சொற்களில் வடசொற்கள் மிகுதி என்பது மெய்யே. எனினும் வழி திறந்தவர் அவர். சமயப் பற்றினால் வந்த ஒருவர், அச்சமயத்தின் பெயரால் அறிவியலைத் திரிக்காமல், அறிவியலை மக்கள் மொழியில் மக்களுக்கு ஆக்கினார் என்பதனைத் தமிழர் மறத்தல் ஆகாது. அங்கே நூற்றைம்பது ஆண்டுக்கு முன் இயன்றது. இங்கே பொறியியல் தமிழ் வழியில் தொடங்கியது 2010இல்தான். அதுவும் இரண்டே பிரிவுகளில்!

தனித்தமிழ் இயக்கத்தின் முதற்பொறியும் வள்ளலார் பாட்டிலிருந்தே தெறித்தது என்பதை அன்பர் அறிவர். 1916இல் அப்பாட்டொன்றைப் பாடிய மறைமலையடிகள், 'தேகம்' நின்ற இடத்தில் 'யாக்கை' நின்றிருந்தால் எத்துணை இனிது என்று தம் மகளார் நீலாம்பிகையார்க்குக் கூறியதிலிருந்தே அவ்வியக்கம் அரும்பியது. போற்றும் பெருமகனார் பாட்டிலும் பொருந்தாச் சொல்லைச் சுட்டும் நேர்மை அவர்க்கு இருந்தது. அதனால் வள்ளலார்பால் அவர் கொண்ட அன்பு குறையவில்லை. அந்நேர்மையையே தமிழன்பர் இன்று சமயத்தின்பாலும் அறிவியலின்பாலும் காட்டுதல் வேண்டும். அன்பு வேறு, ஆராய்வின்மை வேறு.

ஆகவே செய்யத்தக்கன மூன்று. காந்தச் செய்தி கைப்பேசிக்கு வரும்போது, 'இதனை அளந்தவர் யார், எங்கே, எப்போது?' என்று திருப்பிக் கேட்க. பள்ளிச் சிறுவர்க்குத் தில்லைக்குச் செல்லும்போதே வீராணத்து மதகையும் காட்டி, முன்னோர் மெய்யாகவே அளந்ததை அளந்து காணக் கற்பிக்க. கோயிலிலும் கல்லூரியிலும் தமிழே ஒலிக்கும் நாள் வரும்வரை ஓயாது கேட்க.

ஆயிரம் ஆண்டுக்கு மேலாகத் தில்லையில் ஆடி நிற்கும் கூத்தனுக்குக் காந்தத்தின் கைதாங்கல் வேண்டா. அவன் பெயரால் பொய்யுரையாத தமிழன் ஒருவன் போதும்.